வாஞ்சியின் பிரவுனிங் முதல் தாத்தா காலத்து .22 வரை: யார் இந்த ஜான் பிரவுனிங்?

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்ற வாஞ்சிநாதன், அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். புதுச்சேரியில் அவருக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. வாஞ்சி கையில் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் பிஸ்டல்.

சரி, பிரவுனிங் என்பது கம்பெனி பெயரா, மாடல் பெயரா? அன்றைக்கு ரெண்டும் இல்லை. அது அமெரிக்காவில் இருந்த ஒரு மனிதரின் பெயர். அவருடைய வாழ்க்கை தெரிந்தால், ஒரு பழைய ரைஃபிள் என்ன மாடல், எந்த வருஷம் என்று கண்டுபிடிப்பதில் ஏன் இவ்வளவு குழப்பம் என்பதும் புரிந்துவிடும்.

பட்டறையில் வளர்ந்த பையன்

ஜான் மோசஸ் பிரவுனிங் 1855-ல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில், ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜோனதனுக்குத் துப்பாக்கி செய்வதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் தொழில். அவருக்கு 3 மனைவிகள், 22 பிள்ளைகள். ஜானுக்குப் பள்ளியைவிடப் பட்டறைதான் அதிகம் சொல்லிக்கொடுத்தது. எந்தத் துப்பாக்கியில் எந்தப் பாகம் முதலில் உடையும் என்பது சின்ன வயதிலேயே அவருக்கு அத்துப்படி.

1879-ல் அப்பா இறந்தார். அதே வருஷம் ஜானுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடும் ரைஃபிள் அது. தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு அதே ஊரிலேயே தயாரிக்க ஆரம்பித்தார்.

8,000 டாலர் டீல்

அந்த ரைஃபிள்களில் ஒன்று வின்செஸ்டர் கம்பெனியின் கண்ணில் பட்டது. 1883-ல் கம்பெனியின் பென்னட் ஆக்டனுக்கே நேரில் வந்து, 8,000 டாலருக்கு உரிமையை வாங்கிக்கொண்டு போனார். அது வின்செஸ்டர் 1885 மாடல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த சுமார் 20 வருஷம் இதே கதைதான். பிரவுனிங் வடிவமைப்பார், வின்செஸ்டர் மொத்தப் பணம் கொடுத்து வாங்கும். சில வடிவமைப்புகளைப் போட்டிக் கம்பெனிகளுக்குப் போகக் கூடாது என்றே வாங்கி, தயாரிக்காமலே வைத்திருந்தது.

உலகம் முழுக்கப் போன .22

அப்படிப் போனதில் ஒன்றுதான் வின்செஸ்டர் 1890. இது .22 ரிம்ஃபயர் ரைஃபிள். ரிம்ஃபயர் தோட்டாவில், தீப்பற்ற வைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள்ளேயே இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பில் அடித்தால் வெடிக்கும். அடி நடுவில் தனி மூடி வைத்த தோட்டா என்றால் அது சென்டர்ஃபயர்.

குழலுக்குக் கீழே உள்ள கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். 1932 வரை சுமார் 8.5 லட்சம் துப்பாக்கிகள் தயாராயின. ஒன்றிலும் விற்பனைப் பெயர் பிரவுனிங் இல்லை, வின்செஸ்டர்தான்.

ராயல்டி சண்டை

தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் ஷாட்கன் ஒன்றை பிரவுனிங் உருவாக்கினார். இந்தத் தடவை மொத்தப் பணம் வேண்டாம், விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ராயல்டி வேண்டும் என்றார். வின்செஸ்டர் மறுத்தது. 1902 ஜனவரியில் ரெமிங்டன் கம்பெனிக்குப் போய்க் காத்திருந்தபோது, அவர் பார்க்க வந்த தலைவர் ஹார்ட்லி அன்றைக்கே இறந்துபோனார்.

பிரவுனிங் பெல்ஜியத்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே எஃப்.என். நிறுவனம் ஏற்கெனவே அவருடைய பிஸ்டலைத் தயாரித்துக்கொண்டிருந்தது. தன் துப்பாக்கிகளில் அவர் பெயரையும் பொறித்தது. மணியாச்சி வழக்கில் பிரவுனிங் என்ற பெயர் அடிபட்டது இப்படித்தான். 1926 நவம்பர் 26-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், வேலை நடுவிலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 71. கைவசம் 128 காப்புரிமைகள்.

பழைய .22-ஐ எப்படி அடையாளம் காண்பது?

* கம்பெனி பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 1914-ல் எஃப்.என். கொண்டுவந்த பிரவுனிங்கின் .22 ரைஃபிளையே, 1922 முதல் ரெமிங்டன் 24 என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றார்கள்.

* குழலில் உள்ள தேதி தயாரித்த தேதி கிடையாது. வின்செஸ்டர் 1890-ல் 1888 ஜூன் என்ற காப்புரிமைத் தேதி இருக்கும். அந்தத் துப்பாக்கி 1920-ல் செய்ததாகக்கூட இருக்கலாம்.

* குழலின் வடிவத்தைப் பாருங்கள். 24 அங்குல எட்டுப்பட்டைக் குழல் என்றால் 1890 மாடல். 20 அங்குல உருண்டைக் குழல் என்றால், அதன் விலை குறைந்த தம்பியான 1906 மாடல்.

* பிரித்துப் பாருங்கள். 1890 மாடலில் முதல் சுமார் 15,000 மட்டும் ரெண்டாகக் கழற்ற முடியாதவை. பிறகு வந்தவை கழற்றக்கூடியவை.

* கடைசியாக வரிசை எண். வருஷத்தைச் சொல்வதில் இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒரு எண் என்ன செய்யும்?

1928-ல் லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கில் பகத்சிங்கிடம் இருந்து கைப்பற்றப்பட்டது .32 கோல்ட் பிஸ்டல். அதுவும் பிரவுனிங் வடிவமைத்ததே. பல வருஷமாக இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படை அருங்காட்சியகத்தில் பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. மேலே பூசிய கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்து, எண்ணைப் பழைய ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் அது யாருடையது என்று தெரிந்தது.

மணப்பாறையிலோ ஸ்ரீரங்கத்திலோ தாத்தா பெயரில் லைசென்ஸ் உள்ள .22 ஒன்று வீட்டில் இருந்தாலும் இதே எண்தான் முக்கியம். லைசென்ஸில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தாத்தா இறந்துவிட்டால், அவருடைய லைசென்ஸை வைத்துப் பேரன் அதை வைத்திருக்க முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மாடல், வருஷ ஆராய்ச்சி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.