பக்கத்து வீட்டுக் கஞ்சி

மக்கள் திலகம் எம்.ஜி.ஆரை அறியாத தோட்டம் உண்டா? சுங்கை பஞ்சாங் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும்போது, பொழுதோடு பாய் விரித்து இடம் பிடித்தவர்கள் நம் அப்பா அம்மாமார். அவர் வாள் சுழற்றியதெல்லாம் நமக்கு மனப்பாடம். அவர் பட்டினி கிடந்த கதை மட்டும் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவரும் கடல் கடந்த மண்ணில் பிறந்தவர்தான். 1917 ஜனவரி 17-ஆம் நாள், இலங்கையில் கண்டிப் பக்கம், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நாவலப்பிட்டியில் பிறந்தார். விவரம் தெரியாத வயசிலேயே அப்பா கோபால மேனன் கண்ணை மூடிவிட்டார். தாயார் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். கையில் காசில்லை, தாங்கிப் பிடிக்க ஆளில்லை.

அழ மட்டுமே தெரிந்த வயசில் அவர் கண்டது பசி. இப்படி ஒரு பிள்ளை வாடிக் கிடந்தால் ஊர் முதலில் யாரைப் பழிக்கும்? பெற்றவளைத்தான். பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று பேசும். அந்தத் தாயை யார் கவனித்தார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் மட்டும் அந்த வீட்டின் நிலைமையைப் புரிந்துகொண்டு கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கஞ்சி வராமல் போயிருந்தால் தாங்கள் பிழைத்திருக்கமாட்டோம் என்பதை, முதலமைச்சரான பிறகும் எம்.ஜி.ஆர். ஊரறியச் சொன்னார்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அண்ணன் சக்கரபாணியும் அவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனிக்குப் போனார்கள். அங்கே விட்டால் பிள்ளைக்குச் சோறாவது நிச்சயம். நம் தோட்டங்களிலும் பெண்பிள்ளைகளைப் பட்டணத்து வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பிய தாய்மார் போட்டது இதே கணக்குதானே!

1936-இல் சதி லீலாவதி படத்தில் சின்ன வேடம். பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததே. 1977-இல் முதலமைச்சர் ஆனார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவை 1956-இலேயே காமராசர் தொடங்கியிருந்தார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ஆம் நாள் திருச்சி அருகே பாப்பாகுறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி வாசலை மிதிக்காத இரண்டு வயசுக் குழந்தைக்கும் தட்டு வைத்தது. 60 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் சாப்பிட்டார்கள். சமைக்கிற வேலையில் கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. சத்தியபாமா அம்மாளைப் போன்றவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கஜானா தாங்காது என்றார்கள். ஓட்டுக்குச் செய்கிறார் என்றார்கள். இருக்கலாம். தொழிற்சங்கக்காரர்களான நமக்கும் அவர்மேல் குறை உண்டு. வேலைநிறுத்தங்களைக் கடுமையாக அடக்கிய ஆட்சி அது. ஆனாலும் பிள்ளையின் தட்டில் விழுந்த சோற்றை நாம் குறை சொல்லமாட்டோம். 1987 டிசம்பர் 24-இல் அவர் மறைந்தார். பிறகு வந்த எந்த ஆட்சியும் அந்தச் சோற்றை நிறுத்தத் துணியவில்லை. 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது.

காலை உணவு என்றதும் நமக்குத் தோட்டப் பள்ளிக்கூட ஞாபகம் வருகிறது. அப்பாவும் அம்மாவும் இருட்டோடு பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பசியாறினார்களா என்று பார்க்க வீட்டில் ஆளிருக்காது. நம்மோடு படித்த பையன் ஒருவன், பாடம் நடக்கும்போது மேசையில் தலைசாய்த்துத் தூங்கிவிடுவான். சோம்பேறி என்று பேரெடுத்தான், அடியும் வாங்கினான். ஒருநாள் காலைச் சபையில் மயங்கி விழுந்தபோதுதான் தெரிந்தது, முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவன் ஒன்றும் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து ஆயாக் கொட்டகைப் பாட்டி அவனைப் பள்ளிக்குப் போகிற வழியில் கூப்பிட்டு நிறுத்தி, இரண்டு ரொட்டியும் ஒரு குவளைப் பாலும் கொடுத்தார். அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.