குஸ்தி மேடையில் இருந்து கோடம்பாக்கம் வரை: சாண்டோ சின்னப்பா தேவர் ஜெயித்தது எப்படி?

டிவியில் பழைய எம்.ஜி.ஆர். படம் ஓடும்போது, முறுக்கேறிய உடம்போடு ஒருத்தர் வந்து எம்.ஜி.ஆரோடு கட்டிப்புரண்டு சண்டை போட்டால் கொஞ்சம் உற்றுப் பாருங்க. அந்தப் படத்தின் முதலாளியே அவராக இருக்கலாம். அவர்தான் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர்.

அது என்ன 'சாண்டோ'?

அது அவரோட ஊர்ப் பெயரோ குடும்பப் பெயரோ இல்லை. ஐரோப்பாவைக் கலக்கிய யூஜின் சாண்டோ என்ற ஜெர்மன் பயில்வான் 1904-05இல் இந்தியாவுக்கு வந்து வித்தை காட்டினார். அதுக்கப்புறம் உடம்பை ஏற்றி வைத்திருந்தவர்கள் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' பட்டம் ஒட்டிக்கொண்டது. நம்ம ஊர் முண்டா பனியனை வடக்கே சாண்டோ பனியன் என்று சொல்வதும் அவரால்தான்.

சின்னப்பா தேவர் 1915இல் கோவை ராமநாதபுரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம், படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. பங்கஜா மில்லில் கூலி வேலை, அப்புறம் ஸ்டேன்ஸ் கம்பெனி, பால் வியாபாரம், சோடா கம்பெனி என்று எதையெதையோ செய்து பார்த்தார். அவரிடம் இருந்த ஒரே முதல், உடம்பு. நண்பர்களோடு சேர்ந்து அனுமன் பெயரில் ஒரு தேகப்பயிற்சி சாலை நடத்தினார். தண்டால், கர்லாக்கட்டை, குஸ்தி என்று ஊர் இளைஞர்கள் அங்கே உடம்பு வளர்த்தார்கள்.

அந்தக் காலத்து பயில்வான்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இளமை இருக்கும்வரை கைதட்டல், நாற்பது தாண்டினால் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். தேவர் தப்பித்ததற்கு ஒரு காரணம், கோவையிலேயே சினிமா ஸ்டுடியோக்கள் இருந்தது. சண்டை போட ஆள் தேவைப்பட்டது.

ஸ்டுடியோ வேலைக்காகக் கோவையில் தங்கியிருந்த எம்.ஜி.ஆரும் தேவரோடு சேர்ந்து உடற்பயிற்சி செய்தவர். 1947இல் ஜுபிடர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆர். முதல்முறையாக நாயகன் ஆனார். அதில் சண்டைக்கு வேறொரு பயில்வானைப் போட நினைத்தார்களாம். தேவர்தான் வேண்டும் என்று எம்.ஜி.ஆர். பிடிவாதமாக நின்றதாகச் சொல்வார்கள். தன் வாய்ப்பே உறுதியில்லாத நேரத்தில் நண்பனுக்காக நின்றது சின்ன விஷயம் இல்லை.

தேவர் பிலிம்ஸின் முதல் படம் 'தாய்க்குப் பின் தாரம்' 1956இல் வந்தது. நாயகன் எம்.ஜி.ஆர்., இயக்கம் தேவரின் தம்பி எம்.ஏ. திருமுகம். படம் ஓடியது, ஆனால் நட்பு முறிந்தது. அடுத்த படமான 'நீலமலைத் திருட'னுக்கு ரஞ்சனைப் போட்டார். சில வருஷம் கழித்து இருவரும் மறுபடி சேர்ந்து, 1961இல் 'தாய் சொல்லைத் தட்டாதே' வந்தது. 1972இல் 'நல்ல நேரம்' வரை மொத்தம் 16 படங்கள். எம்.ஜி.ஆரை வைத்து இத்தனை படம் எடுத்த தயாரிப்பாளர் வேறு யாரும் இல்லை.

ரகசியம் என்ன? சினிமாவில் பணம் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கியது. படப்பிடிப்பு இழுக்க இழுக்க வட்டி ஏறும். தேவர் பேசிய சம்பளத்தை முன்கூட்டியே முழுசாகக் கொடுத்துவிடுவார். பதிலுக்குச் சொன்ன தேதியில் ஆள் வந்தாக வேண்டும். விடியற்காலையில் எழுந்து தண்டால் எடுத்தவருக்கு நேரம் தவறுவது பிடிக்காது. 1966இல் வந்த 'முகராசி' இரண்டே வாரத்தில் முடிந்ததாகக் கோடம்பாக்கத்தில் இன்றும் பேசுவார்கள்.

கதை கிட்டத்தட்ட ஒன்றேதான்: தாய்ப்பாசம், சண்டை, மாடு, ஆடு, யானை, பாம்பு. விமர்சகர்கள் கேலி செய்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் மாடும் வயலுமாக இருக்கும் வில்லியனூர், பாகூர் மாதிரி ஊர்களில் இந்தக் கதையை யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை. 1967இல் எடுத்த 'தெய்வச்செயல்' யானைக் கதையையே இந்திக்குக் கொண்டுபோனார். 1971இல் ராஜேஷ் கன்னா நடித்த 'ஹாத்தி மேரே சாத்தி' நாடு முழுக்க ஓடியது. கன்னா அப்போது பங்களா வாங்கப் பணம் தேடிக்கொண்டிருந்தார். தேவர் கொடுத்த பெரிய அட்வான்ஸ்தான் அதற்கு உதவியது. கதை சரியில்லை என்று அதைத் திருத்த கன்னா அழைத்து வந்த இரண்டு இளைஞர்கள்தான், பிறகு 'ஷோலே' எழுதிய சலீம்-ஜாவேத்.

சரி, சம்பாதித்ததில் குஸ்திக்கு என்ன செய்தார்? நேர்மையாகச் சொன்னால், அதிகம் போனது முருகனுக்குத்தான். லாபத்தில் ஒரு பங்கை முருகன் கோயில்களுக்கென்று ஒதுக்கினார். மருதமலைக்கு அவர் செய்த திருப்பணிகளைக் கோவைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். போட்டி, கோப்பை என்ற வழியில் அவர் போகவில்லை. உடம்பை நம்பியவனுக்கு அவர் கொடுத்தது வேலை. படத்துக்குப் படம் மல்யுத்தம், சிலம்பம், குத்துச்சண்டை வைத்தார். முதலாளி ஆன பிறகும் தானே களத்தில் இறங்கி அடி வாங்கினார். நாயகன் ஜெயிக்க, தயாரிப்பாளர் மண்ணைக் கவ்வுவார்!

பஞ்சாபின் தாரா சிங்கும் இதே வழியில் குஸ்தியில் இருந்து சினிமாவுக்கு வந்து, மொஹாலியில் ஸ்டுடியோ கட்டினார். ஆனால் அவர் வரும்போதே நாடறிந்த மல்லர். தேவர் வந்தது மில் கூலியாக.

1978 செப்டம்பரில் தேவர் காலமானார். ரஜினிகாந்தை வைத்து அவர் தொடங்கிய 'தாய் மீது சத்தியம்' அந்த வருஷ தீபாவளிக்குத் திரைக்கு வந்தது. இயக்கியது அவரது மருமகன் ஆர். தியாகராஜன்.