இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாமலேயே இசைத்தட்டுகளால் புகழ்பெற்ற ஜாக்கி கிளீசன்

அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் ஜாக்கி கிளீசன், 1916 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். 19 வயதில் தாயையும் இழந்தார். இரவு விடுதிகளில் நகைச்சுவை நிகழ்த்தி முன்னேறிய அவருக்கு, 'தி ஹனிமூனர்ஸ்' தொடரின் பேருந்து ஓட்டுநர் வேடம் அழியாப் புகழை அளித்தது.

1950-களில் இசைத்துறையிலும் கால்பதித்தார். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாததால், மனத்தில் எழுந்த மெட்டுகளை அவர் முணுமுணுக்க, உதவியாளர்கள் எழுதிக்கொண்டனர். ஜாஸ் கலைஞர் பாபி ஹாக்கெட்டின் டிரம்பெட் வாசிப்பை முன்னிறுத்தி அவர் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் லவர்ஸ் ஒன்லி' இசைத்தட்டு பெரும் விற்பனை கண்டது. ஜாஸ் அரங்குகளை எட்டிப் பார்க்காத குடும்பங்களும் ஹாக்கெட்டின் வாசிப்பை வீட்டிலிருந்தே கேட்டன.

1987 ஜூன் 24 அன்று புளோரிடாவில் கிளீசன் காலமானார்.