கோட்டு சூட்டு ஆடிட்டர் கதர் பொருளாதார மேதை ஆன கதை!

அரியலூர் பக்கம் பஸ்ல போயிருக்கீங்களா? வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் ஆலைகளும்தான். அப்படியே பெரம்பலூர் பக்கம் போனால் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. முதல் செல்வம் வெட்ட வெட்டக் குறையும். இரண்டாவது, மண்ணைப் பார்த்துக்கிட்டா வருஷா வருஷம் வரும். இந்த வித்தியாசத்தை அப்பவே பொருளாதாரமா எழுதிவெச்ச ஒரு தஞ்சாவூர்க்காரர் இருந்தார். அவர்தான் ஜே.சி.குமரப்பா.

1892 ஜனவரி 4-ல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் ஆடிட்டர் படிப்பு, அங்கேயே வேலை, பிறகு பம்பாயில் சொந்தத் தொழில் என்று லைஃப் செம செட்டில். 1927-ல் மேல்படிப்புக்காக அமெரிக்கா போனார். அங்கேதான் ட்விஸ்ட்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதை ஆராய்ந்தார். பிரிட்டிஷ் அரசு வாங்கும் வரி எவ்வளவு, அது எங்கே செலவாகிறது என்று ஆடிட்டர் கண்ணோடு கணக்கைப் புரட்டினார். வறுமைக்குக் காரணம் விதி இல்லை, அந்தக் கணக்குதான் என்று புரிந்தது.

1929-ல் அந்த ஆய்வோடு சபர்மதிக்குப் போனார். மரத்தடியில் ஒரு பெரியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும், பட்டு சூட்டோடு சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்துவிட்டார் குமரப்பா. காந்தி அந்த ஆய்வைத் தன் 'யங் இந்தியா' இதழில் வெளியிட்டார். குஜராத்தின் மாதர் தாலுகா கிராமங்களைச் சர்வே எடுக்கும் வேலையையும் கொடுத்தார். சூட் போய் கதர் வந்தது. பிறகு ஜெயிலும் வந்தது.

1940-களில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய புத்தகம், 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்'. மனுஷங்க எப்படி நடந்துக்கிறாங்க என்பதை இயற்கையை வைத்தே ஐந்து வகையாகப் பிரித்தார். புலி, இரைதரும் உயிரையே அழிக்கிறது. குரங்கு, தான் வளர்க்காத தோப்பில் பழம் பறிக்கிறது. பறவை, தன் உழைப்பில் கூடு கட்டுகிறது. தேனீ, கூட்டத்துக்காகச் சேர்க்கிறது. தாய்ப்பறவையோ பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. ஒரு நாடு, ஒரு கம்பெனி, ஒரு குடும்பம் எதையும் இந்த ஐந்தில் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம்.

வாங்குபவரையும் அவர் சும்மா விடவில்லை. தொழிலாளியைச் சுரண்டித் தயாரித்த பொருளைக் காசு கொடுத்து வாங்கினால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நில உச்சவரம்பு வேண்டும் என்று 1949-ல் அறிக்கை தந்தார். ஆனால், நாடு பெரிய ஆலைகளின் பாதையில் போனது. பதவியைத் தேடாமல், மதுரை பக்கம் கல்லுப்பட்டியில் இருக்கும் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. 1960 ஜனவரி 30-ல், காந்தி இறந்த அதே தேதியில், மதுரையில் காலமானார்.

சிமென்ட் இல்லாமல் நம்ம வீடு இல்லைதான். ஆனா, தோண்டின குழியில் சுண்ணாம்புக்கல் திரும்ப முளைக்காது. அடுத்த தடவை ஆப்ல ஆர்டர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் யோசிங்க: இப்ப நாம புலியா, குரங்கா, தேனீயா?