படைவீரரைப் பிள்ளைகளாய்ப் பேணிய நேதாஜி

உலகில் படை நடத்திய தலைவர்கள் பலர். அவர்களில் தம் படையில் இருந்த கடைசிச் சிப்பாயையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளையாக எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. அத்தகைய சிலருள் ஒருவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அவர்கள். வங்கத்துத் தலைவரான அவருடைய வரலாறு நம் காவிரிப் படுகையோடும் நெருங்கிய உறவு உடையது. அவருடைய படையில் சேர்ந்த பல்லாயிரம் தமிழர்கள், நாகப்பட்டினத்தில் கப்பலேறி அக்கரைச் சீமைக்குப் பிழைக்கப் போன ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தஞ்சை, திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்ற அம்மக்கள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டி வாழ்ந்தார்கள். அவர்களைக் கூலி என்ற ஒரே சொல்லால் அழைத்துவந்த காலம் அது.

போஸ் அவர்கள் 1897ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஒரிசாவிலுள்ள கட்டாக் நகரில் பிறந்தார். தந்தையார் ஜானகிநாத் போஸ் புகழ்பெற்ற வழக்கறிஞர். தாயார் பிரபாவதி அம்மையார். பதினான்கு குழந்தைகளுள் இவர் ஒன்பதாமவர். கிறிஸ்தவ மிஷனரிகள் நடத்திய பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்றார். 1920இல் இங்கிலாந்தில் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி நான்காவது இடத்தில் தேறினார். மாவட்ட ஆட்சியாளராகும் வாய்ப்புக் கைக்கு எட்டியிருந்தும், அந்நியருக்கு ஊழியம் செய்ய மனம் ஒப்பாமல் அடுத்த ஆண்டே அதைத் துறந்தார்.

தலைமைக்குரிய பண்புகள் அவரிடம் இளமையிலேயே விளங்கின. 1922இல் வடவங்கத்தில் பெருவெள்ளம் வந்தபோது மக்களின் துயர் துடைக்கும் பணியை முன்னின்று நடத்தினார். 1924இல் கல்கத்தா மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியானார். மாதம் 3,000 ரூபாய் ஊதியத்தில் பாதியை மட்டுமே பெற்றுக்கொண்டார். தன்னலத்தைக் குறைத்துக்கொள்பவரே பிறரிடம் தியாகத்தைக் கேட்கும் தகுதியுடையவர் என்பதை இதனால் நாம் அறிகிறோம்.

1938இலும் 1939இலும் காங்கிரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், பின்னர் கருத்து வேற்றுமையால் விலகினார். 1941 ஜனவரியில் வீட்டுக் காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பி ஜெர்மனி சென்றார். அங்கிருந்து 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் மூன்று மாதம் கடற்பயணம் செய்து கிழக்காசியாவை அடைந்தார். அந்த ஆபத்தான பயணத்தில் அவருக்குத் துணையாக வந்தவர் ஆபித் ஹசன் என்ற முஸ்லிம் இளைஞர்.

1943 ஜூலை 4ஆம் நாள் சிங்கப்பூரில் ராஷ் பிகாரி போஸ் அவர்களிடமிருந்து இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். இந்திய தேசிய ராணுவம் அப்போது நிலைகுலைந்து கிடந்தது. 1942இல் போர்க் கைதிகளைக் கொண்டு அதை அமைத்த மோகன்சிங், ஜப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கால் சிறைப்பட்டிருந்தார். சோர்ந்துபோன அந்த மனிதர்களைக் கொண்டே ஒரு பெரும் படையை எழுப்ப வேண்டிய பொறுப்பு நேதாஜியின் தோள்மேல் விழுந்தது.

அதற்கு அவர் கையாண்ட முறைகள் நாம் கற்கத்தக்கவை. ஆங்கிலேயர் சில இனத்தாரையே போர்க்குணம் உடையவர் என்று கருதினார்கள். தமிழர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நேதாஜி அந்தப் பட்டியலைப் புறக்கணித்தார். தோட்டத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, எழுத்தர், மாணவர் எனத் தேடி வந்த பல்லாயிரம் பேரைச் சேர்த்துக்கொண்டு பயிற்சி அளித்தார். இளைஞர்கள் 45 பேரைத் தேர்ந்து ஜப்பானுக்கு அனுப்பி அதிகாரிகளாகப் பயில வைத்தார். அவருடைய சொற்பொழிவுகள் தமிழிலும் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டன. ஆங்கிலேயர் படையில் மதவாரியாக இருந்த தனித்தனிச் சமையலறைகள் இங்கே எடுபட்டன. இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள்.

சிங்கப்பூரில் செட்டியார் கோயிலிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. எல்லாச் சாதியாரையும் எல்லா மதத்தாரையும் உள்ளே அனுமதித்தால்தான் வருவேன் என்று அவர் உறுதியாகக் கூறிவிட்டார். கோயிலார் இசைந்த பின்னரே, தம் முஸ்லிம், கிறிஸ்தவ அதிகாரிகளையும் உடன் அழைத்துச் சென்றார். இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் நம் முத்துப்பேட்டை மக்களுக்கு இச்செய்தியின் அருமை நன்கு விளங்கும்.

பெண்களாகிய நாம் மறக்கக் கூடாத செயல் ஒன்று உண்டு. பெண்களும் படையில் சேர வேண்டும் என்று அவர் விரும்பினார். சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, சிங்கப்பூரில் மருத்துவராய்ப் பணிபுரிந்த லட்சுமி சுவாமிநாதன் அவர்களிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். 1943 அக்டோபர் 22ஆம் நாள் ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களில் மிகுதியானோர் தமிழ்ப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்களும், வசதியான வீட்டுப் பெண்களும் ஒரே சீருடை அணிந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த கோலாலம்பூர் ஜானகி என்னும் இளம்பெண் தம் திறமையால் உயர்ந்து படையின் இரண்டாம் தலைவியானார்.

1944இல் இம்பால் நோக்கிச் சென்ற படையெடுப்புத் தோல்வியில் முடிந்தது. மழையும் பசியும் மலேரியாவும் எதிரியின் குண்டைவிடக் கொடியவையாக இருந்தன. காயமுற்று மீண்டவர்களுக்கு பர்மாவில் மேமியோ மருத்துவமனையில் லட்சுமி அம்மையாரும் ஜான்சிராணிப் படைப் பெண்களும் மருந்திட்டுப் பணிவிடை செய்தார்கள்.

தலைவரின் உண்மையான தரத்தைத் தோல்விக் காலமே காட்டும். 1945 ஏப்ரலில் ஆங்கிலேயப் படை ரங்கூனை நெருங்கியது. உடனே வெளியேறுமாறு எல்லோரும் நேதாஜியை வற்புறுத்தினார்கள். தம்மை நம்பிப் பெற்றோர் ஒப்படைத்த பெண்களுக்கு வாகன வசதி கிடைக்காமல் தாம் கிளம்பப்போவதில்லை என்று அவர் பிடிவாதமாக இருந்தார். ஏப்ரல் 24ஆம் நாள் அவர்களோடு சேர்ந்தே புறப்பட்டார். வழியில் வாகனங்கள் சேற்றில் சிக்கின. விமானங்கள் குண்டு பொழிந்தன. ஆறுகளைக் கடக்கும்போது பெண்களை முதலில் அக்கரை சேர்த்தார். வாகனங்கள் பயன்படாமல் போன பின்பு பகலில் மரங்களுக்கிடையே மறைந்தும் இரவில் நடந்தும் சென்றார்கள். தமக்கு மட்டும் கார் தர ஜப்பானியர் முன்வந்தபோது அதில் ஏற மறுத்துவிட்டார். காலெல்லாம் கொப்புளம் கண்டும் தம் வீரர்களோடும் வீராங்கனைகளோடும் நடந்தே சென்றார். பெண்கள் பாதுகாப்பாக பாங்காக் செல்ல ஏற்பாடு செய்த பிறகே அவர் மனம் ஆறியது.

அவர் துணை கொண்ட ஜப்பானியர் கொடுமையில் குறைந்தவர்கள் அல்லர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போட அவர்கள் கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள். அம்மக்களை நேதாஜியால் காக்க முடியவில்லை. தலைவர் ஒருவர் எவ்வளவு உயர்ந்தவராயினும் அவர் நாடிய துணையின் பாவமும் எளியவர் தலையிலேயே விடிகிறது என்பது வரலாறு தரும் கசப்பான பாடம்.

1945 ஆகஸ்ட் 18ஆம் நாள் தைவான் தீவில் நேர்ந்த விமான விபத்தில் நேதாஜி உயிர் துறந்தார். அப்போது உடன் பயணம் செய்து, பின்னர் அச்செய்தியை உலகுக்குச் சொன்னவர் ஹபீபுர் ரஹ்மான். அதே ஆண்டு நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள் விசாரணைக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். முஸ்லிம், இந்து, சீக்கியர் மூவரும் ஒன்றாய் நின்ற காட்சி நாட்டையே உலுக்கியது.

படை கலைந்தாலும் அவர் உருவாக்கிய மனிதர்கள் கலைந்து போகவில்லை. ஜானகி அம்மையார் மலாயாவில் இந்தியர் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகிப் பின்னாளில் செனட்டரானார். லட்சுமி அம்மையார் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் செய்து 2012இல் தம் 97ஆம் வயதில் மறைந்தார். தோட்டத்தில் கூனிக் குறுகி நின்ற எளிய தமிழர் பலர் தலைநிமிர்ந்து உரிமை கேட்கத் துணிந்தார்கள்.

நாளை நம்மில் சிலர் ஆசிரியைகளாகலாம், செவிலியராகலாம், அலுவலகங்களில் தலைமை ஏற்கலாம். வகுப்புத் தலைவியாய் இருப்பதும் ஒரு பொறுப்பே. நமக்குக் கீழே பணிபுரிவோரின் பெயரையும் பசியையும் அறிந்து, துன்ப காலத்தில் அவர்களை முதலில் கரையேற்றிவிட்டுக் கடைசியாக நாம் ஏறுவோம். அதுவே நேதாஜிக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.