வரைபடத்தையே சோதனைக்கு உட்படுத்திய மகாலனோபிஸ்

கொல்கத்தா: இந்நகரில் 1893 ஜூன் 29 அன்று பிறந்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ், பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-ல் அங்கேயே தொடங்கினார்.

ஒடிசாவின் 1926 வெள்ளத்துக்கு ஆற்றுப்படுகை உயர்ந்ததே காரணம் எனக் கருதிய பொறியாளர்கள், கரைகளை உயர்த்தப் பரிந்துரைத்தனர். நெடுங்காலப் பதிவுகளை ஆராய்ந்த அவர், படுகை உயரவில்லை என நிறுவினார்.

குடும்பங்களின் செலவினத்தை ஒப்பிட, 1960-ல் புதியதொரு வரைபட முறையை வெளியிட்டார். அதன்படி, இரு குழுக்கள் தனித்தனியே தரவு திரட்டும். இரண்டும் ஒரே வரைபடத்தில் இரு கோடுகளாக வரையப்படும். அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பே பிழையின் அளவு. இரு காலங்களுக்கிடையே தெரியும் மாற்றம் அந்தப் பிழையை விஞ்சாவிடில், வாழ்க்கைத்தரம் உயர்ந்ததாகக் கூற இடமில்லை. ஒற்றைக் கோட்டு வரைபடத்தில் இச்சோதனைக்கே வழியில்லை.

தமது 79-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளான 1972 ஜூன் 28 அன்று அவர் காலமானார்.