நீலநிறத்தை அளந்த சுப்பாராவ்

உயர்தர உயிரியல் எடுத்தவர்கள் முதல் தவணையிலேயே மனனம் செய்துவிடும் நான்கு சொற்கள் உண்டு: காபோவைதரேற்று, புரதம், இலிப்பிட்டு, நியூக்கிளிக்கமிலம். மதியம் நாம் சாப்பிடும் எதுவும் கடைசியில் இவற்றில்தான் வந்து நிற்கிறது. குத்தரிசிச் சோற்றில் மாப்பொருள், நந்திக்கடல் இறாலில் புரதம், தேங்காய்ப்பாலில் இலிப்பிட்டு. நியூக்கிளிக்கமிலம் இறாலிலும் இருக்கிறது, முருங்கையிலையிலும் இருக்கிறது, அதைச் சாப்பிடுகின்ற எங்களிலும் இருக்கிறது. இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒரு சிறிய மூலக்கூறையும் படிக்கிறோம். அதுதான் அடினோசின் முப்பொசுபேற்று, சுருக்கமாக ஏ.ரி.பி. டி.என்.ஏ.யின் வடிவத்தைச் சொன்னவர்கள் வாட்சனும் கிறிக்கும் என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஏ.ரி.பி.யைக் கண்டெடுத்தவர் யார் என்று ஒரு நாள் தோழி ஒருத்தி கேட்டபோது எவரிடமும் பதில் இருக்கவில்லை. தேடிப்போன எனக்குக் கிடைத்தவர் ஐரோப்பியர் அல்லர். சென்னையில் படித்த ஒரு தெலுங்கர், எல்லப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமைப்பட்ட குடும்பம். பதின்மூன்று வயதளவில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரனாகிவிடலாம் என்று நினைத்து வீட்டைவிட்டு ஓடினாராம். தாய் விடவில்லை. பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தந்தை இறந்த பிறகு நகைகளை விற்று அவரைப் படிக்க வைத்ததும் அந்தத் தாய்தான். அப்படியும் சுப்பாராவ் மெட்ரிக்குலேசன் பரீட்சையில் இரண்டு தடவை தவறினார். மூன்றாம் முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் சித்தியடைந்தார். எங்கள் வீடுகளில் இரண்டாம் தடவை எழுதப் போகிற பிள்ளையை உறவினர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே பெற்றோர் இந்த வரியை இன்னொருமுறை வாசித்தால் நல்லது.

பிறகு பிரசிடென்சிக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. படிப்புச் செலவுக்கு உதவியவர்களுள் ஒருவருடைய மகளான சேஷகிரியை 1919இல் மணந்தார். காந்தியின் அழைப்பு நாடெங்கும் கேட்ட காலம் அது. சத்திரசிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்றாகச் செய்திருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற குறைந்த தகைமைதான் கிடைத்தது. அரசாங்க மருத்துவ சேவைக்கு அது போதவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கச் சேர்ந்தார்.

அவரை ஆயுர்வேதத்தின் பக்கம் இழுத்தது ஒரு நோய். அதன் பெயர் ஸ்ப்ரூ. வெப்பவலய நாடுகளில் வருகின்ற, விடாத வயிற்றோட்டம். சாப்பாடு வயிற்றுக்குள் போகும். ஆனால் சிறுகுடலின் சடைமுளைகள் கெட்டுப்போய் இருப்பதால் அகத்துறிஞ்சல் நடக்காது. உண்டுகொண்டே பட்டினி கிடக்கிற நோய் என்று சொல்லலாம். குருதி குறைந்து, நாக்குப் புண்ணாகி, உடல் கரைந்துபோகும். சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் இந்த நோயில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவரையும் அதே நோய் பிடித்தது. ஆயுர்வேத வைத்தியர் அசந்த லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். எந்தப் பொருள் தன்னைக் காப்பாற்றியது, எந்தப் பொருள் இல்லாமல் சகோதரர்கள் போனார்கள் என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. அவருடைய மீதி வாழ்க்கையை அந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

1923இல், ஓர் அறக்கட்டளையும் மாமனாரும் கொடுத்த பணத்துடன் பொஸ்டன் நகருக்குப் போனார். ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியில் வெப்பவலய மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது, உதவிப்பணம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலைக்குச் சேர்ந்து நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவினார். மருத்துவம் படித்து முடித்த ஒருவர்! பின்னர் உயிரிரசாயனப் பிரிவில் சைரஸ் பிஸ்க் என்பவரின் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது.

இனி வருகிற பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. குருதியிலோ தசையிலோ பொசுபரசு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அந்தக் காலத்தில் பெரும் சிரமம். பிஸ்க்கும் சுப்பாராவும் ஒரு சுலபமான வழி கண்டார்கள். பொசுபேற்றோடு மொலிப்டேற்றைச் சேர்த்து, இன்னொரு பொருளால் அதைத் தாழ்த்தினால் கரைசல் நீலமாகும். பொசுபேற்று கூடக்கூட நீலம் கடுமையாகும். நிறத்தை அளந்தால் பொசுபேற்றை அளந்ததாகும். 1925இல் வெளிவந்த இந்த முறை இன்றும் அவர்கள் இருவரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

தசைச் சாற்றில் இதைச் செய்து பார்த்தபோது ஒரு சிக்கல். உடனே வரவேண்டிய நீலம் மெதுமெதுவாக வந்தது. வேறு யாராக இருந்தாலும் கரைசல் பழையது, கண்ணாடி சுத்தமில்லை என்று ஊற்றிவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார்கள். நாங்கள் செய்முறை வகுப்பில் அப்படித்தான் செய்வோம். அவர்களோ அந்தத் தாமதத்தையே பிடித்துக்கொண்டார்கள். தசைக்குள் பொசுபேற்று தனியாக இல்லை, வேறொன்றோடு தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறது, அமிலத்தில் அது சிறிது சிறிதாக அவிழ்கிறது, அதனால்தான் நீலம் பிந்துகிறது என்று கண்டார்கள். அந்தப் பொருள்தான் பொசுபோகிரியற்றின். 1927இல் அதை வெளியிட்டார்கள். தசை சுருங்குவதற்குக் காரணம் இலக்ரிக்கமிலம் என்பது அன்றைய நம்பிக்கை. 1922க்கான நோபல் பரிசைப் பெற்ற ஹில், மயர்ஹோவ் இருவரும் நின்ற தளம் அது. அந்தத் தளம் இதன்பின் ஆட்டம் கண்டது. இரண்டு வருடங்களில், அதே தசையிலிருந்து இன்னொரு பொருளையும் பிரித்தெடுத்தார்கள். அடினின், ரைபோசு வெல்லம், மூன்று பொசுபேற்று. 1929இல், ஜேர்மனியில் கார்ல் லோமனும் தனியாக இதையே கண்டிருந்தார். ஆகவே பெருமை இரண்டு ஆய்வுகூடங்களுக்கும் உரியது.

இந்த மூலக்கூறு என்ன செய்கிறது? நோன்பு காலத்தை நினைத்துப் பாருங்கள். சஹர் உணவின் மாப்பொருள் குளுக்கோசாகிச் சில மணி நேரம் தாங்கும். பிறகு ஈரலில் சேமித்த கிளைக்கோசன் கரையும். பின்னேரமாகும்போது உடல் கொழுப்பையும் எடுக்கத் தொடங்கும். மஃரிபுக்கு வாயில் வைக்கிற பேரீச்சம்பழத்தின் வெல்லம் மிக விரைவாகக் குருதியில் சேரும். சோறோ கொழுப்போ பழமோ, எதுவாக இருந்தாலும் கலம் அதை நேரடியாகச் செலவழிக்க முடியாது. எல்லாவற்றின் சக்தியையும் முதலில் ஏ.ரி.பி.யாக மாற்றிக்கொண்டுதான் கை அசையும், இதயம் துடிக்கும். வெளிநாட்டுக் காசை ரூபாயாக்காமல் எங்கள் சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்க முடியாதல்லவா, அது போல. ஒரு நேரத்தில் உடலில் இருக்கும் ஏ.ரி.பி. மிகக் கொஞ்சம். ஆனால் அது உடைந்து, திரும்பக் கட்டப்பட்டு, மறுபடி உடைந்து, ஒரு நாளில் ஏறத்தாழ எங்கள் உடல் நிறையளவு ஏ.ரி.பி. புரண்டுவிடுகிறது. பற்றீரியாவிலும் பாலை மரத்திலும் யானையிலும் இதே மூலக்கூறுதான்.

இவ்வளவையும் செய்தவருக்கு 1930இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. ஹாவர்டில் நிரந்தரப் பதவி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதே ஆய்வுகூடத்தில் மாணவராக இருந்து, பின்னாளில் 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் ஒரு விடயத்தைச் சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்கிளியோதைட்டுகளை மற்றவர்கள் பல வருடங்களுக்குப் பிறகு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததாம். அவை வெளியே வர பிஸ்க் விடவில்லை என்பதும், காரணம் பொறாமை என்பதும் அவருடைய கருத்து. பிஸ்க்கின் பக்கத்து நியாயத்தைக் கேட்க இப்போது வழியில்லை. ஆனால் சுப்பாராவ் தன்னை முன்னிறுத்திக்கொள்ளத் தெரியாதவர் என்பதில் எழுதியவர்கள் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். கூட்டங்களில் பேச எழும்பாமல் பின்வரிசையில் இருப்பவர். அடக்கம் நல்ல குணம் என்றுதான் எங்களை வளர்க்கிறார்கள். அடக்கத்துக்கு இவர் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

1940இல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள லெடர்லி என்ற மருந்துக் கம்பனிக்குப் போனார். அங்கேதான் அவருடைய பழைய கேள்விக்குப் பதில் வந்தது. அதற்கு முன்னோடியாக லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவப் பெண்மணியைச் சொல்ல வேண்டும். அவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான குருதிச்சோகையை ஆராய்ந்தார். அதைக் குணமாக்கியது எது தெரியுமா? நாங்கள் பாணில் பூசுகிற மார்மைட். மதுவம் எனப்படும் ஈஸ்ட்டில் இருக்கும் ஏதோ ஒன்று என்பது மட்டும்தான் அன்று தெரிந்தது. 1941இல் வேறு சிலர் கீரையிலிருந்து அதைப் பிரித்து, இலை என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் சுப்பாராவின் குழு அதை ஆய்வுகூடத்தில் தொகுத்துக் காட்டியது. தொன் கணக்கில் கீரையை அரைக்காமல் குளிசையாகவே செய்யலாம் என்றாயிற்று. அடுத்த ஆண்டளவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது.

திருமணமான பெண்களுக்கு மருத்துவமாது கொடுக்கும் சின்னக் குளிசை இதுதான். கருவின் முண்ணாண் கர்ப்பத்தின் முதல் மாதத்திலேயே உருவாகி மூடுகிறது. தாய்க்குத் தான் கர்ப்பிணி என்று தெரியவருமுன் அது முடிந்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே குடிக்கச் சொல்கிறார்கள். இதை வாசிக்கும் மூத்த சகோதரிகள் குளிசையை மேசை லாச்சிக்குள் போட்டுவைக்க வேண்டாம்.

போலிக் அமிலம் இல்லாமல் கலம் டி.என்.ஏ. செய்ய முடியாது, டி.என்.ஏ. செய்யாமல் பிரியவும் முடியாது. அப்படியென்றால் வெறிபிடித்துப் பிரிகிற புற்றுநோய்க் கலத்திடமிருந்து அதைப் பறித்தால்? சிட்னி பார்பர் என்ற பொஸ்டன் மருத்துவருக்கு இந்த எண்ணம் வந்தது. போலிக் அமிலம் போலவே தோற்றமளித்து நொதியத்தை ஏமாற்றும் அமினோப்ரெரின் என்ற போலியைச் சுப்பாராவின் குழு செய்துகொடுத்தது. 1948 ஜூனில் பார்பர் வெளியிட்ட அறிக்கையில், குருதிப் புற்றுநோயுள்ள 16 பிள்ளைகளில் 10 பேர் தேறியதாக இருந்தது. அந்தத் தேறல் தற்காலிகம்தான். ஆனால் அதற்கு முன் அந்த நோய்க்கு அப்படி எதுவுமே இருந்ததில்லை. அதன் தம்பியான மெதொட்ரெக்சேற் இன்றும் பிள்ளைகளின் குருதிப் புற்றுநோய்க்கும், மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது. மூட்டுவாதக்காரர் வாரத்தில் ஒரு நாள் அதைக் குடித்து, வேறொரு நாளில் போலிக் அமிலமும் குடிப்பார். ஒன்று பறிக்கும், மற்றது ஈடு செய்யும். இரண்டும் ஒரே மனிதரின் குழுவிலிருந்து வந்தவை.

மண்ணிலுள்ள நுண்ணங்கியிலிருந்து ஓரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை டகர் என்ற முதியவர் கண்டதும் இவர் தலைமை தாங்கிய ஆய்வுகூடத்தில்தான். அதை விட்டு, எங்கள் வீட்டோடு தொடர்புள்ள மருந்துக்கு வருகிறேன். 1947இல் அதே இடத்திலிருந்து யானைக்கால் நோய்ப் புழுக்களுக்கு எதிரான டை-எதில்-காபமசின் வந்தது. எங்கள் குடும்பம் 1990இல் முல்லைத்தீவிலிருந்து வெளியேறிப் புத்தளத்தில் முகாமில் இருந்தது. யானைக்கால் நோய் பரவியிருந்த எட்டு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. 2002இலிருந்து 2006 வரை ஆண்டுக்கொருமுறை அந்த மாவட்டங்களில் எல்லோருக்கும் இந்தக் குளிசையைக் கொடுத்தார்கள். உம்மும்மாவும் வரிசையில் நின்று குடித்திருக்கிறார். குடித்தால் தலை சுற்றும் என்பதுதான் அவருடைய நினைவில் நிற்பது. 2016இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அந்த நோய் இலங்கையில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. கால் நூற்றாண்டு அமெரிக்காவில் இருந்தும் அந்நாட்டுக் குடியுரிமை பெறாமலே போய்விட்டார். நூற்றாண்டு வந்தபோது, 1995இல், இந்தியா அவருக்கு ஒரு முத்திரை வெளியிட்டது. ஒரு பங்கசுக்கும் சுப்பாரோமைசெஸ் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் உம்மும்மாவுக்குச் சொன்னபோது ஏ.ரி.பி.யையோ நோபல் பரிசையோ பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதரின் மனைவி என்ன ஆனார் என்றுதான் கேட்டார். திரும்பிப் போய்ப் பார்த்தேன். 1923இல் கப்பலேறியவர் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. அவர் போன பிறகு பிறந்த மகன் குழந்தையாகவே இறந்துவிட்டான், தந்தை அவனைப் பார்த்ததேயில்லை. சேஷகிரி இருபத்தைந்து வருடம் அங்கேயே இருந்தார். நான் வாசித்தவற்றில் அவருக்கு இரண்டு மூன்று வரிகள்தான் இருந்தன. அவற்றை வாசித்துக் காட்டினேன். உம்மும்மா மேலும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.